கிராங்க் புல்லிக்குப் பின்னால் கசியும் ஆயில்: டிராக்டர் என்ஜினின் முன் சீலை மாற்றும் முழு வழிகாட்டி

என்ஜினின் முன்பக்க கியர்களை மூடும் டைமிங் கவரைத் தாண்டிக் கிராங்க் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் முன் சீல். அது கசிகிறது என்று வரும் டிராக்டர்களில் ஒரு பங்கு, ஏற்கெனவே புதுச் சீல் போட்டும் கசிவு நிற்காமல் திரும்பி வந்தவை. சீலை எடுத்துவிட்டு இன்னொன்றை அடித்து இறக்குவது அரை மணி நேர வேலைதான். அதற்கு முன்னால் செய்யும் பரிசோதனையும், புல்லியின் ஹப் (நடுவில் உள்ள கழுத்துப் பகுதி) முகத்தைப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடமும்தான் கசிவை நிறுத்துகின்றன. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். எந்தப் படியையும் தாண்டிப் போகாதீர்கள்.

1. கசிவது சீல்தானா?

ஃபேன், காற்றை ரேடியேட்டர் வழியாக இழுத்து என்ஜின் மீது வீசுகிறது. மேலே எங்கே கசிந்தாலும் அந்த ஆயில் கீழும் பின்னுமாகப் படர்ந்து, கடைசியில் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) விளிம்பிலிருந்துதான் சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் தவறான பாகத்தைக் கழற்றுகிறார்கள். ஈரம் தொடங்கும் மேல்முனையையும் முன்முனையையும் தேடுங்கள்.

முதலில் டீசலும் பிரஷும் கொண்டு என்ஜினின் முன்முகத்தைக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். பிறகு டைமிங் கவர், சம்பின் முன் இணைப்பு, என்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரின் முன் ஓரம் ஆகிய இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி, என்ஜினைப் பத்து நிமிடம் மிதமான வேகத்தில் ஓட்டுங்கள். நிறுத்திய பின் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு.

சீல் கசிந்தால் அதற்கென்று ஓர் அடையாளம் உண்டு. புல்லி சுழலும்போது ஆயிலை வட்டமாக வீசி எறியும். புல்லியின் நேர்கோட்டில் பெல்ட், ரேடியேட்டரின் பின்பக்கம், பானட்டின் உள்பக்கம் எல்லாம் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருக்கும். அப்படிச் சிதறல் இல்லாமல் கவர் மட்டும் நனைந்திருந்தால் ராக்கர் கவர் கேஸ்கெட், டைமிங் கவர் கேஸ்கெட், டைமிங் கவரில் பொருத்திய ஹைட்ராலிக் பம்ப் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். விரலில் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். டீசல் வாசம் வந்தால் அது வேறு கசிவு.

2. சீல் ஏன் கெட்டது?

ரப்பர் சீல் வெப்பத்தில் இறுகி, அதன் உதடு (சுழலும் பாகத்தோடு உராயும் உள்விளிம்பு) கெட்டித்துப் போவது இயல்பு. ஆனால் வேறு இரண்டு காரணங்கள் ஒளிந்திருக்கலாம். அவற்றை இப்போதே பார்க்காவிட்டால் புதுச் சீலும் விரைவில் கசியும்.

முதலாவது பிரீதர். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி கிராங்க் கேஸுக்குள் இறங்கும் வாயு பிரீதர் குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சேற்றில் உழும் வண்டியில் அந்தக் குழாயின் வாய் மண்ணால் அடைந்திருப்பது சாதாரணம்; குளவி கூடு கட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். வெளியேற வழியில்லாத அழுத்தம், சீலின் உதட்டைத் தூக்கி ஆயிலை வெளியே தள்ளும். குழாயைக் கழற்றிக் கழுவி, ஊதிப் பாருங்கள். பிரீதர் சுத்தமாக இருந்தும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை அழுத்தமாகக் குப்குப்பென்று வந்தால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. உரிமையாளரிடம் அதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முடித்த பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் காதில் விழும்.

இரண்டாவது கிராங்கின் ஆட்டம். புல்லியை மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். கைக்கே ஆட்டம் தெரிந்தால் மெயின் பேரிங் தேய்ந்திருக்கிறது. எந்தச் சீலும் அங்கே நிற்காது. முன்னும் பின்னுமான மிகச் சிறிய அசைவு இருக்கத்தான் செய்யும். அதன் அளவை டயல் கேஜ் வைத்து எடுத்து, உங்கள் என்ஜினின் கையேட்டில் உள்ள எல்லையுடன் ஒப்பிடுங்கள்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றிய ஆயிலைக் குறைத்ததும் கசிவு நின்றுபோன வண்டிகள் உண்டு.

3. கையில் இருக்க வேண்டியவை

வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பொருளுக்கு அலைவதுதான் புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம். கீழ்க்கண்டவற்றைச் சேர்த்த பிறகே முதல் போல்ட்டைத் தொடுங்கள்.

• என்ஜின் எண்ணைச் சொல்லி வாங்கிய சீல். ஒரே மாடல் டிராக்டரில்கூட ஆண்டுக்கு ஆண்டு சீல் மாறலாம்.
• ஹப் தேய்ந்திருந்தால் போட, அதன் விட்டத்துக்கு ஏற்ற மெல்லிய ஸ்லீவ் (தேய்ந்த இடத்தின் மேல் ஏற்றும் உலோக உறை). அல்லது அது உடனே கிடைக்கும் என்ற உறுதி.
• போல்ட் போட்டு இழுக்கும் வகைப் புல்லர், டார்க் ரென்ச், நீளக் கைப்பிடியுடன் பாக்ஸ் ஸ்பேனர்.
• வெர்னியர், 400 மற்றும் 600 எண் எமரி தாள், கிரீஸ், சீலண்ட், பஞ்சு உதிராத துணி.
• சீலின் வெளிவிட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் குறைந்த வெளிவிட்டமுள்ள, முனை சமமாக வெட்டிய குழாய்த் துண்டு.
• கூலண்ட் பிடிக்கச் சுத்தமான பாத்திரம், என்ஜினின் கையேடு.

பழைய என்ஜின்கள் சிலவற்றில் ரப்பர் சீலுக்குப் பதிலாகக் கயிறு போன்ற பேக்கிங் இருக்கும். அதை வெளியிலிருந்து மாற்ற முடியாது. டைமிங் கவரையே கழற்ற வேண்டும். வாங்கும்போதே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. வழியைத் திறத்தல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். புல்லிக்கு அருகே கை இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுழன்றால் விரல் போய்விடும். இதில் சலுகையே கிடையாது.

என்ஜின் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலண்ட்டை வடியுங்கள். பானட், ஃபேன் பெல்ட், ஃபேன், ரேடியேட்டர் என்ற வரிசையில் கழற்றுங்கள். ஃபேனை முதலில் எடுத்தால், ரேடியேட்டரைத் தூக்கும்போது அதன் குழாய்களில் இறக்கை கீறாது.

பெரும்பாலான வண்டிகளில் சீல் இருக்கும் உயரம் சம்பின் ஆயில் மட்டத்துக்கு மேலே இருப்பதால் ஆயிலை வடிக்கத் தேவையில்லை. முன்பக்கம் சரிந்து நின்றால் மட்டும் ஒழுகும்.

ரேடியேட்டரை எடுத்த பின் புல்லிக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். புல்லி முழுதாக வெளியே வரும் அளவு இடமில்லை என்றால், முன் ஆக்சில் தாங்கியை என்ஜினிலிருந்து பிரித்து முன்னே உருட்ட வேண்டியிருக்கும். அதற்கு என்ஜினுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டும், தாங்கி ஆக்சில் மீது பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் இருபுறமும் மர ஆப்பும் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

5. புல்லியைக் கழற்றுதல்

நடுவில் ஒரே பெரிய போல்ட் இருக்கலாம். அல்லது ஒரு தடித்த வட்டத் தகட்டுடன் மூன்று போல்ட்டுகள் இருக்கலாம். இரண்டும் மிக இறுக்கமாகவே இருக்கும். கிராங்க் சுழலாமல் பிடிக்க ஸ்டார்ட்டரைக் கழற்றி, அந்த வாய் வழியாக ஃப்ளைவீல் பல்லில் பூட்டுக் கருவியை மாட்டுங்கள். ஸ்பேனரைத் தரையில் முட்டக் கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டிப் போல்ட்டைத் தளர்த்தும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த ஸ்பேனர் எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புல்லியின் வெளிவிளிம்பில் கொக்கிப் புல்லரைப் போடக் கூடாது. வார்ப்பிரும்பு விளிம்பு உடையும். நடுவில் ரப்பர் வளையம் உள்ள புல்லி என்றால், ரப்பர் கிழிந்து வெளிவளையம் நகர்ந்துவிடும். ஹப்பில் உள்ள மரைத்துளைகளில் போல்ட் போட்டே இழுங்கள்.

இங்கேதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும், கண்ணுக்குத் தெரியாத பிழை. புல்லர் போல்ட் நீளமாக இருந்தால், ஹப்பைத் தாண்டிப் பின்னால் வந்து டைமிங் கவரைக் குத்தித் துளைத்துவிடும். எத்தனை சுற்று போடலாம் என்பதை ஹப்பின் தடிமனைப் பார்த்து முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். புல்லரின் நடு ஸ்க்ரூ கிராங்க் முனையின் மரையை நசுக்காமல் இருக்க, இடையில் ஒரு தடித்த வாஷரோ பழைய போல்ட் தலையோ வையுங்கள்.

புல்லி வந்ததும், அதைக் கிராங்கோடு பூட்டும் சிறு இரும்புத் துண்டான கீ கீழே விழாமல் எடுத்துத் தனியே வையுங்கள்.

6. பழைய சீலை எடுத்தல்

எடுப்பதற்கு முன் அளவெடுங்கள். கவரின் முகத்திலிருந்து சீலின் முகம் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது என்பதை நான்கு இடங்களில் வெர்னியரால் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். புதுச் சீலை எங்கே நிறுத்துவது என்பதற்கு இந்த எண்தான் ஆதாரம். நான்கு அளவுகளும் ஒன்றாக இல்லை என்றால், முன்பு போட்டவர் சீலைக் கோணலாக இறக்கியிருக்கிறார். கசிவுக்குக் காரணம் பாதி அங்கேயே தெரிந்துவிட்டது.

சீலின் இரும்பு முகத்தில் எதிரெதிராக இரண்டு சிறு துளைகள் போடுங்கள். டிரில் முனையில் கிரீஸ் தடவினால் இரும்புத்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். முகத்தைத் துளைத்ததும் நிறுத்திவிடுங்கள், பின்னால் கியர் இருக்கிறது. தகர ஸ்க்ரூ இரண்டைத் திருகி, பிளையரால் மாற்றி மாற்றி இழுத்தால் சீல் நேராக வந்துவிடும்.

உளியை வைத்துத் தட்டி எடுக்காதீர்கள். சீல் உட்காரும் வளையத்தில் ஒரே ஒரு கீறல் விழுந்தாலும், ஆயில் சீலைச் சுற்றிக்கொண்டு அந்த வழியாக வெளியே வரும். கீறல் ஏற்கெனவே இருந்தால் எமரியால் விளிம்பை மழுக்கி, பொருத்தும்போது அங்கே மெல்லிய சீலண்ட் தடவுங்கள்.

எடுத்த சீலை உடனே எறியாதீர்கள். உதட்டை விரலால் வளையுங்கள். வளையாமல் பிளாஸ்டிக் போல நொறுங்கினால் வெப்பத்தால் போயிருக்கிறது. உதடு மிருதுவாகவே இருந்தும் கசிந்திருக்கிறது என்றால், குற்றவாளி அடுத்த படியில் இருக்கிறான்.

7. ஹப்பின் முகம்

முழு வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது.

புல்லியின் ஹப் மீதுதான் பெரும்பாலான என்ஜின்களில் சீலின் உதடு உராய்கிறது. சிலவற்றில் கிராங்கின் மீதே உராயும். உதட்டின் அடியில் சிக்கும் தூசி, பல ஆயிரம் மணி நேரம் அரம் போல வேலை செய்து, இரும்பிலேயே வளையப் பள்ளம் தோண்டிவிடும். ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்று கேட்பவர்கள் இதை ஒரு முறை பார்க்க வேண்டும்.

ஒரு வண்டிக்கு வேறு இடத்தில் இரண்டு முறை சீல் மாற்றிவிட்டு மூன்றாவதாக என்னிடம் கொண்டுவந்தார்கள். ஹப்பைத் துடைத்து வெயிலில் பிடித்தபோது கண்ணுக்குப் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. கற்றுக்கொள்ள வந்த தம்பியிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நகத்தை நீளவாக்கில் ஓட்டச் சொன்னேன். ஓரிடத்தில் நகம் டக்கென்று நின்றது. மீண்டும் ஓட்டினான், அதே இடத்தில் நின்றது. இரண்டு புதுச் சீல்களும் அந்தப் பள்ளத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தன. ஸ்லீவ் போட்ட பிறகு அந்த வண்டி கசிவுக்காகத் திரும்பி வரவில்லை.

நகம் சொல்வதை வைத்து முடிவெடுங்கள்.

நகம் எங்கும் சிக்கவில்லை, நிறம் மட்டும் மாறியிருக்கிறது என்றால், 400 எண் எமரியிலும் பிறகு 600 எண்ணிலும் எண்ணெய் தொட்டுச் சுற்றுவாக்கில் மட்டும் மெருகேற்றுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கோடும் ஆயிலுக்கு ஒரு வாய்க்கால். சாய்வாகத் தேய்த்தால் இன்னும் மோசம். அந்தக் கோடுகள் திருகு மரை போல ஆயிலை வெளியே இறைக்கும்.

நகம் லேசாக உணர்கிறது என்றால், புதுச் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ நிறுத்தி, உதட்டைத் தேயாத இடத்தில் ஓட விடலாம். உதடு ஹப்பின் ஓரத்தைத் தாண்டிவிடக் கூடாது. கவரின் உள்ளே ஆயில் திரும்பும் துளை இருந்தால் அது மூடப்படவும் கூடாது.

நகம் நிற்கிறது என்றால் ஸ்லீவ் போடுங்கள். மெல்லிய ஸ்லீவின் சுவர் சுமார் கால் மில்லிமீட்டர்தான் என்பதால் பழைய அளவுச் சீலே போதும். தடித்த ஸ்லீவ்கள் பெரிய உள்விட்டமுள்ள தமக்கான சீலுடன் வரும், இரண்டையும் கலக்காதீர்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் உலோக எபாக்ஸியால் நிரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே ஸ்லீவை ஏற்றி, பிதுங்கியதைத் துடையுங்கள். ஹப் வெடித்திருந்தாலோ, புல்லியின் ரப்பர் பிரிந்திருந்தாலோ புதிய புல்லிதான் வழி.

பள்ளம் போகும்வரை லேத்தில் கடைந்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். ஹப்பின் விட்டம் குறைந்தால் உதட்டின் பிடிப்பும் குறையும். அது வேண்டாம்.

8. புதிய சீலை இறக்குதல்

சீலின் மேல் அச்சிட்ட எண்களை வெர்னியரால் சரிபாருங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்ற வரிசையில் அவை மில்லிமீட்டரில் இருக்கும். முகத்தில் அம்புக்குறி இருந்தால் அது கிராங்க் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் பெரும்பாலான டிராக்டர் என்ஜின்கள் கடிகார திசையில் சுழல்கின்றன.

ரப்பர் உதட்டுச் சீலில், ஸ்பிரிங் உள்ள பக்கம் என்ஜினின் உள்நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் நாளே கசியும். உதட்டில் என்ஜின் ஆயில் தடவுங்கள். காய்ந்த உதடு முதல் ஸ்டார்ட்டிலேயே கருகும். வெள்ளை அல்லது கரும்பழுப்பு நிறத்தில், ஸ்பிரிங் இல்லாமல் வரும் டெஃப்லான் சீலுக்கு இது பொருந்தாது. அதில் பெரும்பாலும் ஆயிலோ கிரீஸோ படக் கூடாது. உறையில் உள்ள குறிப்புப்படி உலர்வாகவே போட்டு, உடன் வரும் பிளாஸ்டிக் வளையத்தைக் கடைசிவரை எடுக்காமல் வையுங்கள்.

ஸ்பிரிங் இருக்கும் பள்ளத்தில் கிரீஸை நன்றாக அப்புங்கள். சுத்தியல் அதிர்வில் அந்தச் சன்னமான ஸ்பிரிங் துள்ளி விழுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஸ்பிரிங் இல்லாத உதடு ஹப்பை இறுக்கிப் பிடிக்காது. கிரீஸ் அதைப் பிடித்து வைக்கும்.

சீலின் வெளிப்புறம் வெறும் இரும்பு என்றால் மிக மெல்லிதாகச் சீலண்ட் தடவலாம். ரப்பர் பூச்சு இருந்தால் துளி ஆயில் போதும்.

இறக்கும்போது விசை சீலின் வெளிவளையத்தில் மட்டும் பட வேண்டும். குழாய்த் துண்டை வைத்து, மேலே தட்டையான தகட்டைப் போட்டு, மெதுவாகத் தட்டுங்கள். இதைவிட எனக்குப் பிடித்த முறை: கிராங்க் முனையின் மரையில் நீண்ட திரெட் ராடைப் போட்டு, தகட்டையும் நட்டையும் வைத்து இறுக்கிச் சீலை உள்ளே இழுப்பது. அதிர்வே இல்லை, கோணலும் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு இடங்களிலும் ஆழத்தை அளந்து, முன்பு எழுதிய எண்ணில், அல்லது ஏழாம் படியில் முடிவு செய்த ஆழத்தில் நிறுத்துங்கள். கோணலானால் மேல்பக்கத்தை அடித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வெளியே எடுத்து, வளைந்திருந்தால் புதிதாகவே போடுங்கள்.

டைமிங் கவரையே கழற்ற நேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கவரைத் திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளைக் கையளவு மட்டும் இறுக்கி, புல்லியின் ஹப்பைச் சீலுக்குள் நுழைத்து, கவர் தானாக மையத்துக்கு வந்த பிறகு இறுக்குங்கள். முதலிலேயே இறுக்கினால் சீல் ஒருபக்கம் அழுந்தியும் மறுபக்கம் விலகியும் நிற்கும்.

9. புல்லியை ஏற்றுதல்

ஹப்பில் ஆயில் தடவுங்கள். டெஃப்லான் சீல் என்றால் உலர்வாக. ஹப்பின் முன்விளிம்பிலோ கீ பள்ளத்திலோ கூர்மை இருந்தால் மழுக்கிவிடுங்கள், உதட்டைக் கிழித்துவிடும். கீயை அதன் இடத்தில் வைத்து, கீ பள்ளத்தின் வழியே ஆயில் வெளியேறாமல் அங்கே சிறிது சீலண்ட் இடுங்கள். போல்ட் வாஷரின் அடியிலும் இடுங்கள். இதை மறந்துவிட்டு, சீல் கசிகிறது என்று மீண்டும் பிரிப்பவர்கள் ஏராளம்.

புல்லியை நேராகப் பிடித்து, கையால் உதட்டுக்குள் நுழையுங்கள். பிறகு போல்ட்டால் இழுத்து ஏற்றுங்கள். சொந்தப் போல்ட் மரையில் போதிய அளவு பிடிக்காவிட்டால் முதலில் நீளமான ஒன்றைப் பயன்படுத்துங்கள். இரண்டு மரையில் தொங்கும் போல்ட்டை இறுக்கினால் கிராங்கின் மரையே உரிந்துவிடும். சுத்தியலால் புல்லியை அடித்து ஏற்றாதீர்கள். அந்த அடி, கிராங்கின் முன்பின் அசைவைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷரில் நேரே போய் விழும்.

கடைசி இறுக்கம் டார்க் ரென்ச்சால், கையேட்டில் உள்ள அளவுப்படி. மூன்று போல்ட் என்றால் மாற்றி மாற்றி, படிப்படியாக. கோண அளவில் இறுக்கச் சொல்லும் போல்ட்டுகளுக்குப் புதியவையே போடுங்கள். முடிந்ததும் ஃப்ளைவீல் பூட்டை எடுத்துவிட்டீர்களா என்று பார்த்த பிறகு ஸ்டார்ட்டரை மாட்டுங்கள்.

10. மூடி, ஓட்டிப் பார்த்தல்

ஆயிலில் ஊறிய பழைய பெல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், வழுக்கும். பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 13 மில்லிமீட்டர் தாழ வேண்டும். கூலண்ட் நிரப்பி, காற்று வெளியேறும்வரை மூடியைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். ஆயில் மட்டத்தைச் சமதளத்தில் பாருங்கள்.

சீலண்ட் காய உறையில் சொன்ன நேரம் கொடுங்கள். பிறகு பத்து நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டி, நிறுத்தி, பொருத்தும்போது தடவிய ஆயிலைத் துடைத்து, மறுபடி பவுடர் தூவுங்கள். அடுத்து ஒரு மணி நேரம் உழவு போன்ற சுமையில் ஓட விட்டுப் பாருங்கள். குளிர்ந்த என்ஜினில் தெரியாத கசிவு, சூடேறி ஆயில் நீர்த்த பிறகுதான் தெரியும்.

மீண்டும் ஈரம் தென்பட்டால் உடனே பிரிக்காமல், எங்கே என்று பாருங்கள். சீலின் வெளிவட்டத்தைச் சுற்றி ஈரம் என்றால் கவரின் வளையத்தில் கீறல் இருக்கிறது. உதட்டுக்கும் ஹப்புக்கும் இடையே என்றால் பள்ளம், கோணல், விழுந்த ஸ்பிரிங், பிரீதர் என்ற வரிசையில் சோதியுங்கள். நடுப் போல்ட்டின் தலையைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் ஆயில் கீ பள்ளத்தின் வழியே வருகிறது. புல்லியைக் கழற்றி அங்கே சீலண்ட் இட்டால் போதும், சீலைத் தொட வேண்டாம்.